சம்பளம் மணிக்கணக்கு, பிரீமியம் தலைக்கணக்கு

அமெரிக்கப் பள்ளிகளின் வேலை அறிவிப்புகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். வகுப்பறை உதவியாளர் வேலை, வாரத்துக்கு 29 மணி நேரம். உணவுக்கூட ஊழியர் வேலை, நாளொன்றுக்கு ஐந்தே முக்கால் மணி நேரம். மாசசூசெட்ஸ் பக்கம் போனால் அதே வேலை 19 மணி நேரம் அல்லது 19.5. 30, 20 என்று முழு எண்ணாகப் போடுவதற்கு ஏதோ தயக்கம். பாட்டா செருப்பு விலை மாதிரி இருக்கிறது. ஆனால் செருப்பு விலை வாங்குகிறவர் கண்ணுக்காகப் போடப்படுவது. இந்த 29 ஒரு சட்டத்தின் கண்ணுக்குத் தப்புவதற்காகப் போடப்படுவது.

அந்தச் சட்டம் 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், பேச்சுவழக்கில் ஒபாமாகேர். வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம், அல்லது மாதத்துக்கு 130 மணி நேரம் வேலை செய்கிறவர் முழுநேர ஊழியர் என்று அது வரையறுத்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களுக்குச் சமமான ஆள்பலம் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் முழுநேர ஊழியர்களுக்குக் காப்பீடு தர முன்வர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி என்று பலரும் நினைத்தார்கள். அது பள்ளிகளுக்கும் பொருந்தியது. பள்ளிகளைத்தான் கூடுதலாகத் திணறடித்தது என்றுகூடச் சொல்வேன்.

காரணம் எளிய கணக்கு. சம்பளம் மணிக்கு இவ்வளவு என்று போகிறது. மூன்று மணி நேரம் வேலை செய்தால் மூன்று மணி நேரக் கூலி. பிரீமியம் அப்படிப் போவதில்லை, அது தலைக்கு இவ்வளவு. ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரம் வேலை செய்தாலும் எட்டு மணி நேரம் வேலை செய்தாலும் அவருக்கு வரும் குடல்வால் அழற்சி ஒன்றுதான், அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவும் ஒன்றுதான். கேஎஃப்எஃப் என்ற மருத்துவக் கொள்கை ஆய்வு நிறுவனம் வேலையிடக் காப்பீடு பற்றி ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பின்படி 2025-ல் ஒரு தனிநபருக்கான சராசரி பிரீமியம் 9,325 டாலர், குடும்பத்துக்கு 26,993 டாலர். சட்டம் வந்த 2010-ல் குடும்ப பிரீமியம் 13,770 டாலராக இருந்தது. மணிக்கு 18 டாலர் கூலியில், நாளுக்கு 6 மணி நேரம், 180 பள்ளி நாட்கள் வேலை செய்யும் ஓர் உதவியாளரின் ஆண்டு வருமானம் 19,440 டாலர். அவருக்குத் தனிநபர் காப்பீடு கொடுத்தாலே அவருடைய சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி கூடுதலாக வேண்டும். குடும்பக் காப்பீடு என்றால் சம்பளத்தைவிடப் பெரிய தொகை.

லட்சம் டாலர் சம்பளக்காரர்கள் நிறைந்த மென்பொருள் கம்பெனிக்கு இந்தத் தொகை வரவுசெலவில் ஒரு வரி. பள்ளிக்கு அப்படி இல்லை. அதைப் புரிந்துகொள்ள, 'பள்ளி மாவட்டம்' என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நம் கல்வி மாவட்டம் போல மேலிருந்து சம்பளம் வரும் நிர்வாகப் பிரிவு இல்லை அது. பெரும்பாலான மாவட்டங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு, தனி பட்ஜெட் உண்டு, வீட்டு வரியிலிருந்து வரும் தனி வருமானம் உண்டு. நாடு முழுக்கச் சுமார் 13,000 மாவட்டங்கள். சில நூறு பிள்ளைகள் மட்டுமே படிக்கும் மாவட்டமும் உண்டு, சில லட்சம் பேர் படிக்கும் மாவட்டமும் உண்டு. மத்திய அரசின் பங்கு சாதாரணமாகப் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதி மாநில அரசும் உள்ளூர் வரியும். வரியை நினைத்தபடி உயர்த்தவும் முடியாது. இண்டியானாவில் 2010-ல் மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பிலேயே சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டுவிட்டார்கள்: குடியிருக்கும் வீட்டுக்கு அதன் மதிப்பில் 1 சதவீதம். செலவில் ஐந்தில் நான்கு பங்கு சம்பளமும் சலுகைகளும். ஆக, பிரீமியம் ஏறினால் வெட்டுவதற்கு மிச்சம் இருப்பது ஆட்கள், அல்லது ஆட்களின் மணி நேரம்.

இன்னொன்று. கம்பெனி கட்டும் பிரீமியம் செலவுக் கணக்கில் போய் வருமான வரியைக் குறைக்கும். பள்ளி மாவட்டம் வருமான வரியே கட்டுவதில்லை. அதனால் அந்த ஆறுதலும் அதற்குக் கிடையாது.

பள்ளியில் பகுதிநேரம் என்பது ஏதோ ஓரத்தில் நடக்கும் விஷயமும் இல்லை. பள்ளியின் வேலையே துண்டு துண்டாகத்தான் வரும். பஸ் காலையில் இரண்டு மணி நேரம் ஓடும், மாலையில் இரண்டு மணி நேரம் ஓடும். உணவுக்கூடத்தில் பத்தரை மணிக்குக் கூட்டம் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்துவிடும். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குத் துணையாக ஒருவர் வேண்டும் என்று அவனுடைய கல்வித் திட்டத்தில் எழுதியிருந்தால், அவன் பள்ளியில் இருக்கும் ஆறு மணி நேரமும் வேண்டும்; அந்தத் துணையை மறுக்க மத்தியச் சட்டம் இடம் தராது. அப்புறம் மாற்று ஆசிரியர்கள். இந்த வாரம் ஐந்து நாள், அடுத்த வாரம் ஒரு நாள். அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெண்கள் சிலர், துணைவர் விசாவில் வந்து வேலை அனுமதி கிடைத்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த வேலைகளைத்தான். பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும் வேலை என்பதால்.

சரி, அபராதக் கணக்குக்கு வருவோம். இது இரண்டு விதம், இரண்டும் கணக்கில் வெகு தூரம் விலகி நிற்பவை.

முழுநேர ஊழியர்களில் 95 சதவீதம் பேருக்காவது காப்பீடு தர முன்வராமல், அவர்களில் ஒருவராவது இதே சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையில் அரசு மானியத்துடன் காப்பீடு வாங்கினால் முதல் அபராதம். அது விடுபட்டவர்களுக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. முதல் 30 பேரைக் கழித்துவிட்டு, மீதி முழுநேர ஊழியர்கள் அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு. சட்டத்தில் 2,000 டாலர் என்று தொடங்கி ஆண்டுதோறும் மாறிவரும் தொகை அது, 2025-க்கு 2,900. இரண்டாவது வகை, காப்பீடு தர முன்வந்தும் அது ஊழியருக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்து, அவர் அரசு மானியத்துடன் அந்தச் சந்தையில் காப்பீடு வாங்கினால், அப்படி வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் 4,350 டாலர்.

கற்பனையாக ஒரு மாவட்டத்தை வைத்துக்கொள்வோம். முழுநேர ஊழியர் 500 பேர். அவர்களில் 60 பேர் வாரத்துக்கு 31, 32 மணி நேரம் வேலை செய்யும் உதவியாளர்கள். அவர்களுக்கு மட்டும் காப்பீடு இல்லை. 60 என்பது 12 சதவீதம், அதனால் 95 என்ற கோடு தாண்டப்படவில்லை. அபராதம் 470 பேருக்கு, 2,900 வீதம்: 13.63 லட்சம் டாலர். அந்த 60 பேருக்கும் காப்பீடு கொடுத்தால்? வேலை தருபவர் சராசரியாக ஏற்கும் பங்கு தலைக்கு 7,900 டாலர் என்று வைத்தால் 4.74 லட்சம். மூன்றாவது வழி, அவர்களுடைய வேலையை 29 மணி நேரமாக்குவது. செலவு பூஜ்யம், கூலியிலும் கொஞ்சம் மிச்சம். பட்ஜெட் கூட்டத்தில் இந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி வாரிய உறுப்பினர்கள் முன் வைத்தால் என்ன முடிவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களை வில்லன்களாகப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த 4.74 லட்சத்தில் எத்தனை ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் முன் இருக்கும் கேள்விதான்.

2013-ல் இது நடக்கத் தொடங்கியது. இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரப் பள்ளிகள் 600-க்கும் மேற்பட்ட உதவியாளர்களுக்கும் உணவுக்கூட ஊழியர்களுக்கும் வார நேரத்தை 30-லிருந்து 25-ஆகக் குறைத்தன. எல்லோருக்கும் காப்பீடு கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர் ஆகும் என்பது நிர்வாகம் சொன்ன கணக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் இண்டியானா அரசும் 15 பள்ளி மாவட்டங்களும் சேர்ந்து வரித்துறையை எதிர்த்து வழக்கே போட்டன. பிறகு மேலும் பல மாவட்டங்கள் சேர்ந்துகொண்டன. மாநிலம் தானே நடத்தாத காப்பீட்டுச் சந்தையில் மானியம் தர மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை, மானியம் இல்லையென்றால் அபராதமும் இல்லை என்பது வாதத்தின் மையம். 2015 ஜூனில் கிங் எதிர் பர்வெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மானியம் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் அந்த வாதம் கால் இழந்தது. தலைநகர் வாஷிங்டனில் வேறொரு முயற்சியும் நடந்தது. 30-ஐ 40 ஆக்கும் மசோதாவை 2014-லும் 2015-லும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் வேலை அறிவிப்புகளில் 39 என்று வந்திருக்கும், அவ்வளவுதான். முழு வேலை நேரத்திலிருந்து ஒரே ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் போதும் என்றால் 29-ஐவிட அது எவ்வளவு சுலபம்!

பள்ளிகளுக்கென்று இந்த விதியில் இருக்கும் இன்னொரு சிக்கல் கோடை விடுமுறை. வாரத்துக்கு 35 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் வேலை செய்யும் ஒருவரின் நேரத்தை 52 வாரத்தால் வகுத்தால் 26.9 வரும். நிஜத்தில் முழுநேரம் உழைப்பவர் காகிதத்தில் பகுதிநேரமாகிவிடுவார். இந்த வழியை 2014 பிப்ரவரியில் வந்த இறுதி விதிகள் அடைத்தன. கல்வி நிறுவனங்களில் நான்கு வாரமோ அதற்கு மேலோ நீளும் விடுமுறையைச் சராசரியில் பூஜ்யமாகச் சேர்க்கக் கூடாது. அந்த வாரங்களை விட்டுவிட்டுக் கணக்கிட வேண்டும், அல்லது மற்ற வாரங்களின் சராசரியை அங்கேயும் போட வேண்டும். வேலையை விட்டுப்போய்த் திரும்பி வருபவரைப் புது ஆளாகக் கருதுவதற்கு மற்ற நிறுவனங்களுக்கு 13 வார இடைவெளி போதும், பள்ளிகளுக்கு 26 வாரம் வேண்டும். அதே விதிகள் கல்லூரிப் பகுதிநேர ஆசிரியர்களுக்கும் ஒரு வாய்ப்பாடு கொடுத்தன: வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் தயாரிப்பையும் திருத்தலையும் சேர்த்து 2.25 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டே கால் மணி நேரம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால் ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

கோடையைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் இந்த ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை; அடுத்த ஆண்டு வேலை உண்டு என்று 'நியாயமான உறுதி' இருப்பதால் பெரும்பாலான மாநிலங்களில் வேலையின்மை உதவித்தொகையும் இல்லை. மின்னசோட்டா 2023-ல் அந்தத் தடையை எடுத்து, மணிக்கூலிப் பள்ளி ஊழியர்களும் கோடையில் உதவித்தொகை கேட்கலாம் என்று சட்டம் போட்டது.

நேரத்தைக் குறைப்பதால் என்ன ஆகிறது? சம்பளத்தில் விழும் அடி தெரிந்ததுதான். வகுப்பறையில் நடப்பது அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆறரை மணி நேரத் துணை தேவைப்படும் பிள்ளைக்குக் காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று இரண்டு பேரைப் போடுவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆள் மாறுவது சாதாரண விஷயமில்லை. காலையில் எது அவனைப் பதற்றப்படுத்தியது என்று மதியம் வருபவருக்குத் தெரியாது, சொல்லிவிட்டுப் போக நேரமும் இருக்காது. சில மாவட்டங்கள் மாற்று ஆசிரியர்களையும் உதவியாளர்களையும் ஆள் அனுப்பும் கம்பெனிகளின் ஊழியர்களாக மாற்றிவிட்டன. அப்போது மணி எண்ணும் பொறுப்பும் அந்தக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. உள்ளேயே வைத்திருக்கும் மாவட்டத்தில் சம்பளப் பிரிவுக்குப் புது வேலை வந்தது: காலையில் பஸ் ஓட்டி, மதியம் உணவுக்கூடத்தில் நின்று, மாலையில் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் ஒரே ஆளின் மூன்று நேரக் குறிப்பேடுகளையும் கூட்டிப் பார்ப்பது. தெரியாமல் 30-ஐத் தாண்டிவிட்டால் வம்பு.

ஆனால் கதைக்கு மறுபக்கமும் உண்டு. பல ஊர்களில் பஸ் ஓட்ட வருகிறவர்கள் கூலிக்காக வருவதில்லை, காப்பீட்டுக்காக வருகிறார்கள். கணவர் சொந்தமாக மரவேலையோ விவசாயமோ செய்வார். மனைவி பள்ளி பஸ் ஓட்டினால் குடும்பத்துக்கே காப்பீடு. ஓட்டுநர் கிடைக்காமல் தடங்களை ரத்து செய்யும் மாவட்டங்கள், நாளுக்கு நான்கு மணி நேர வேலைக்கும் காப்பீடு உண்டு என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆக, பிரீமியத்தைச் சுமை என்று மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு. அதுவும் கூலிதான், ரொக்கமாகக் கைக்கு வராத கூலி.

வேலையோடு காப்பீடு ஏன் இப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று கேட்டால், இரண்டாம் உலகப்போரில் வந்த சம்பளக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டுவார்கள். சம்பளத்தை உயர்த்தக் கூடாது, காப்பீடு கொடுக்கலாம் என்றிருந்தது. பிறகு 1954 வரிச் சட்டம் வேலை தருபவர் கட்டும் பிரீமியத்துக்கு வரியில்லை என்று உறுதிப்படுத்தியது. அது சரிதான். ஆனால் விதை அதற்கும் முன்பே ஒரு பள்ளி மாவட்டத்தில்தான் போடப்பட்டது. 1929-ல் டெக்சஸின் டல்லஸ் நகரில், பெய்லர் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல், அதற்கு முன் அதே நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். மருத்துவமனையின் வராக்கடன் பட்டியலைப் புரட்டினார். நிறைய ஆசிரியர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மாதம் 50 சென்ட் கட்டுங்கள், ஆண்டில் 21 நாள் வரை மருத்துவமனைச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். புளூ கிராஸ் என்ற பெயரில் பின்னால் நாடு முழுக்கப் பரவிய மருத்துவக் காப்பீட்டின் தொடக்கம் இந்த அரை டாலர்தான்.

அதே டெக்சஸில் இன்று என்ன நிலை? பள்ளி ஊழியர்களுக்கான மாநிலத் திட்டம் 2002-ல் தொடங்கியது. வாசல் விசாலமானது: வாரத்துக்கு 10 மணி நேரம் வேலை செய்தாலே சேரலாம். ஆனால் பணம்? மாநிலம் மாதம் 75 டாலர், மாவட்டம் குறைந்தது 150 டாலர், மொத்தம் 225. தொடங்கிய காலத்தில் ஒருவருடைய பிரீமியத்தில் பெரும்பகுதியை அது தாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சட்டம் சொல்லும் அந்தக் குறைந்தபட்சத் தொகை நகரவில்லை. தேசிய சராசரித் தனிநபர் பிரீமியமோ 2025-லேயே மாதம் 777 டாலருக்குப் பக்கம். சில மாவட்டங்கள் கூடுதலாகத் தருகின்றன, வசதி இல்லாதவை தருவதில்லை. பந்தியில் உட்கார எல்லோருக்கும் இடம் உண்டு, இலையில் விழுவதுதான் கொஞ்சம்.

மாசசூசெட்ஸில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. ஒபாமாகேருக்கு வெகுகாலம் முன்பே அங்கே உள்ளாட்சி ஊழியர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் என்பதுதான் தகுதி. பிரீமியத்தில் பாதியையாவது ஊராட்சி ஏற்க வேண்டும். அதனால்தான் 19.5. அங்கே இன்னொரு வேடிக்கை: பள்ளி ஊழியரின் காப்பீட்டுச் செலவு பெரும்பாலும் பள்ளியின் பட்ஜெட்டில் வராமல் ஊரின் பட்ஜெட்டில் வருகிறது. பள்ளிக் குழு ஒரு புது உதவியாளரைச் சேர்க்கும்போது அதன் தாளில் தெரிவது கூலி மட்டும்தான். முழுச் செலவு ஊர் நிதிக் குழுவின் தாளில் வரும்போதுதான் சண்டை தொடங்கும்.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். பள்ளிக் கல்விக்கு மாநிலம் போதிய நிதி தரவில்லை என்று 2012-ல் மெக்ளியரி வழக்கில் அதன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்த 2017-ன் பெரிய சட்டத்தில், 295 மாவட்டங்களும் தனித்தனியே பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்த காப்பீட்டை ஒரே மாநில வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. தகுதி: ஒரு கல்வியாண்டில் 630 மணி நேரம் வேலை செய்வார் என்று எதிர்பார்க்கப்பட்டால் போதும். 180 நாளுக்கு நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம். அதற்கு முன் பல இடங்களில் அரை நேர ஊழியருக்கு அரைப் பங்கு என்று விகிதம் பார்த்துக் கொடுத்தார்கள். மீதியைத் தன் கையிலிருந்து போட முடியாமல் பலர் காப்பீட்டையே வேண்டாம் என்று விட்டார்கள். இப்போது விகிதம் கிடையாது. 630-ஐத் தொட்டவருக்கு முழுநேர ஆசிரியருக்குக் கிடைக்கும் அதே பங்கு முழுசாக.

ஊழியர்களுக்கு இது பெரிய வரம். பட்ஜெட் அதிகாரிகளுக்கு? தலைக்கு மாதம் 994 டாலர் என்று தொடங்கிய கட்டணம் 2024-25 கல்வியாண்டில் 1,178 டாலர், ஆண்டுக்கு 14,136. மணிக்கு 22 டாலர் கூலியில் 630 மணி நேரம் வேலை செய்பவரின் ஆண்டுச் சம்பளம் 13,860. அதாவது அவருடைய காப்பீடு அவருடைய சம்பளத்தைவிட அதிகம்.

மாநிலம்தானே பணம் தருகிறது என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் வாய்ப்பாட்டின்படி. ஒரு பள்ளிக்கு எத்தனை ஊழியர்கள் வேண்டும் என்று மாநிலமே ஒரு மாதிரியை வைத்திருக்கிறது. அதில் ஆசிரியரல்லாத ஒரு முழுநேரப் பணியிடம் என்பது 2,080 மணி நேரம். அந்த ஓர் இடத்தில் நிஜத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டு, காப்பீட்டுக்கு மட்டும் 1.43 என்ற பெருக்கு எண்ணை வைத்தார்கள். ஆனால் 2,080 மணி நேரத்தை 630 மணி நேர ஆட்களாகப் பிரித்தால் 3.3 பேர் வருகிறார்கள். 1.43-க்கும் 3.3-க்கும் இடையே உள்ளது மாவட்டத்தின் தலையில். மாதிரியில் சொன்னதற்கு மேல் வைத்துக்கொண்ட சிறப்புக் கல்வி உதவியாளர்களின் காப்பீடும் உள்ளூர் வரியிலிருந்துதான் போக வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கோடு எங்கே இருந்தாலும் அதற்குக் கீழே வேலைகள் குவியும் என்று சொல்வது சுலபம், உண்மையும்கூட. ஆனால் 30-ல் கோடு இருந்தால் மாவட்டம் ஒரு முழு வேலையை உடைக்கப் பார்க்கும், ஏனென்றால் 29-ல் கிட்டத்தட்ட மொத்த வேலையும் முடிந்துவிடும். மூன்றரை மணி நேரத்தில் கோடு இருந்தால் உடைப்பதில் லாபம் குறைவு. மூன்று மணி நேர ஆட்களாக வெட்டிக்கொண்டே போனால் ஆள் கிடைக்காது, நேரம் பொருந்தாது. அதற்குப் பதிலாக எப்படியும் முழுத் தொகை கட்டத்தான் போகிறோம், மூன்றரை மணி நேரத்தில் இரண்டு பேரை வைப்பதற்கு ஏழு மணி நேரத்தில் ஒருவரை வைக்கலாமே என்று கணக்கு திரும்புகிறது. ஒரு தலை, ஒரு பிரீமியம். காலையில் பஸ்ஸும் மதியம் உணவுக்கூடமும் ஒரே ஆளுக்கு. கோட்டைக் கீழே இறக்கினால் வேலைகள் சிதறும் என்றுதான் பொதுவாகப் பயப்படுவார்கள். வெகு கீழே இறக்கினால் ஒன்று சேரவும் தூண்டுதல் உண்டு. ஒருவர் இருந்த இடத்தில் இருவர் பிழைத்த காலம் போகிறது என்ற குறை அதில் இருக்கத்தான் செய்கிறது.

பணத்தை மேலிருந்தே கொடுத்துவிடும் வழியைக் கலிஃபோர்னியா முயன்றது, பள்ளிகளில் அல்ல, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி மாவட்டங்களில். அங்கே பகுதிநேர ஆசிரியர்களின் காப்பீட்டுக்கென்று மாநிலம் முழுமைக்கும் நீண்ட காலமாக ஒதுக்கி வந்தது ஆண்டுக்கு 4.9 லட்சம் டாலர். கல்லூரிகளோ நூற்றுக்கும் மேல். 2022 பட்ஜெட்டில் அது 20 கோடி டாலரானது. முழுநேர ஆசிரியரின் வேலையில் 40 சதவீதமாவது செய்பவருக்கு மாவட்டம் காப்பீடு கொடுத்தால் செலவை மாநிலம் திருப்பித் தரும். கோடு அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டுகிறவரைப் பார்த்து மாவட்டம் பயப்படத் தேவையில்லை.

காப்பீடு கிடைக்காத 29 மணி நேர ஊழியர் கடைசியில் எங்கே போகிறார்? 2025 கணக்கில் தனி ஆளின் வறுமைக் கோடு 15,650 டாலர். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் அதன் 138 சதவீதம் வரை, அதாவது 21,597 டாலர் வரை வருமானம் உள்ளவர் மெடிக்கெய்டில் சேரலாம். மேலே சொன்ன 30 மணி நேர உதவியாளரின் 19,440 டாலரே அதற்குள் வருகிறது, அதே கூலியில் 29 மணி நேரக்காரருக்கு அதைவிடக் குறைவு. மாவட்டம் கட்டாத பணத்தை மாநிலமும் மத்திய அரசும் கட்டுகின்றன; மெடிக்கெய்டில் சேர்ந்தவருக்காக மாவட்டத்துக்கு அபராதமும் கிடையாது. விரிவாக்காத டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அவர் மானியத்துடன் சந்தையில் வாங்க வேண்டும். 2021 முதல் கூடுதலாகக் கிடைத்து வந்த மானியம் 2025 இறுதியோடு முடிந்துவிட்டது. வருமானம் வறுமைக் கோட்டுக்கும் கீழே என்றால் மானியமே இல்லை. வேலையிடத்தில் காப்பீடு தர முன்வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஊழியருக்கு மட்டுமான பிரீமியம் கட்டுப்படியாகிறது என்பதற்காக, குடும்பத்துக்கான பிரீமியம் எவ்வளவு எகிறினாலும் அந்தக் குடும்பம் முழுவதற்கும் சந்தை மானியம் மறுக்கப்பட்டது. 2023-ல்தான் அந்த விதி மாறியது. அதுவரை சில குடும்பங்களுக்குக் காப்பீடு கிடைத்ததே கெடுதல்.

கொரோனா நிவாரணமாகப் பள்ளிகளுக்குக் கிடைத்த சுமார் 19,000 கோடி டாலரில் பல மாவட்டங்கள் உதவியாளர்களைச் சேர்த்தன. அந்தப் பணத்தின் கடைசித் தவணையை ஒதுக்க 2024 செப்டம்பர்தான் கெடு. ஆட்கள் இருக்கிறார்கள், பணம் போய்விட்டது. 2026-க்கு அபராதத் தொகைகளும் 3,340, 5,010 என்று ஏறிவிட்டன.

இதற்கிடையில் புதிதாக ஒரு மணிக்கணக்கு வருகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டத்தின்படி, விரிவாக்கப்பட்ட மெடிக்கெய்டில் இருக்கும் பெரியவர்கள், விலக்கு பெற்றவர்கள் தவிர, மாதத்துக்கு 80 மணி நேரம் வேலை செய்வதாகக் காட்ட வேண்டும். மாநிலங்கள் இதை 2027 ஜனவரிக்குள் தொடங்க வேண்டும். நேரத்துக்குப் பதிலாக மாதம் 580 டாலர் வருமானத்தையும் காட்டலாம். பருவகால ஊழியர்கள் என்றால் ஆறு மாதச் சராசரி பார்க்கப்படும். நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் 20 பள்ளி நாள் வேலை செய்யும் உணவுக்கூடப் பெண்ணுக்கு 60 மணி நேரம்தான் வருகிறது. மணிக்கு 15 டாலர் என்றால் வருமானம் 900 டாலர், அதில் தேறிவிடுவார். ஜூலையில் பள்ளி பூட்டியிருக்கும். அந்த மாதம் இரண்டு கட்டத்திலும் அவர் எழுத வேண்டியது பூஜ்யம்.